ஐலண்ட் பீக் 13 நாளில்: திட்டம் சரிதானா, எங்கே நாள் குறைக்கலாம்?

கடலோரவாசி (சென்னை):

வணக்கம். அக்டோபர் கடைசியில் நான்கு பேர் ஐலண்ட் பீக் ஏறப் போகிறோம். எவரெஸ்ட் பாதையில் இருக்கும் அதே கும்பு பள்ளத்தாக்கு. நேபாளப் பெயர் இம்ஜா ட்ஸே, உயரம் 6,189 மீட்டர். காத்மாண்டு ஏஜென்ட் அனுப்பிய திட்டம் இது. அடைப்புக்குறியில் இருப்பது இரவு தங்கும் உயரம், மீட்டரில்.

முதல் நாள் லுக்லாவில் விமானம் இறங்கி பாக்டிங் (2,610). இரண்டாம் நாள் நாம்சே (3,440). மூன்று தெங்போச்சே (3,860). நான்கு டிங்போச்சே (4,410). ஐந்து சுக்குங் (4,730). ஆறு அங்கேயே கயிற்றுப் பயிற்சி. ஏழு பேஸ் கேம்ப் (5,087). எட்டாம் நாள் விடிகாலையில் சிகரம், மாலைக்குள் சுக்குங். பிறகு பாங்போச்சே, நாம்சே, லுக்லா, காத்மாண்டு. பதின்மூன்றாவது நாள் உபரி.

எல்லாரும் தொடர்ந்து ஓடுபவர்கள். நான் முழு மாரத்தான் ஓடுகிறேன். லீவு 15 நாள்தான் கிடைக்கும், அதிலும் போக வர நாள் கழியும். ஏதாவது மாற்ற வேண்டுமா? இன்னும் ஒரு நாள் குறைக்க வழி உண்டா?

மலைநாடன் (கோவை):

குறைக்கவா? கூட்ட வேண்டிய திட்டம் இது.

பகலில் எங்கே நடக்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் ஒரு இரவுக்கும் மறு இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் திட்டத்தில் பாக்டிங்கிலிருந்து நாம்சேவுக்கு ஒரே நாளில் 830 மீட்டர். அந்த ஏற்றத்தை எல்லாரும்தான் செய்கிறார்கள், வேறு வழி அதிகம் இல்லை. அதனால்தான் நாம்சேயில் எல்லாரும் இரண்டு இரவு தங்குகிறார்கள். உங்கள் ஏஜென்ட் அந்த இரண்டாவது இரவைத்தான் எடுத்துவிட்டார். அப்புறம் டிங்போச்சேவுக்கு 550, அங்கேயும் ஒரே இரவு.

நமக்கு இந்த உயரம் பிடிபடுவதே கஷ்டம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லுக்லா ஓடுதளம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து கால் வைக்கும்போதே நம் மலைகள் எல்லாம் கீழே போய்விட்டன.

முதல் நாள் பாக்டிங்கில் நிற்காமல் மோஞ்சோ (2,835) வரை நடந்துவிட்டால் மறுநாள் ஏற்றம் 600 மீட்டராகக் குறையும். காசு செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான்.

ஓட்டக்காரன்:

கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. என் நண்பர்கள் விமானத்தில் லடாக்கில் இருக்கும் லே போய் இறங்கி, மறுநாளே அதற்கு மேலே உள்ள கார்துங் லா கணவாய்க்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குக்கூடத் தலைவலி இல்லை. உடம்பை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு 13 நாள் போதும். கடலோரவாசி, இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு போனால் சரியாகிவிடும்.

மலைநாடன் (கோவை):

கார்துங் லாவில் எவ்வளவு நேரம் நின்றார்கள்? இருபது நிமிடம் நின்று டீ குடித்துவிட்டு லேவுக்கு இறங்கிப் படுத்திருப்பார்கள். உயர நோய் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த சில மணி நேரம் கழித்து, முதல் ராத்திரியில்தான் தலைகாட்டும். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் அப்படித் திரும்பலாம். லே மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

இளம் வயது, தினப் பயிற்சி, கட்டுப்பாடு எல்லாம் உள்ள ராணுவ வீரர்களுக்கே நம் ராணுவம் 2,700 முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாள், 3,600 முதல் 4,500 வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று பழக்கிய பிறகுதான் மேலே அனுப்புகிறது. அவர்களைவிட நாம் உடம்பை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்ன?

மயக்கமருந்து:

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொழில் அதுதான். அறுவை அரங்கில் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் என்பதால் இந்த இழையில் தலையிடுகிறேன்.

மாரத்தான் உங்கள் காலுக்கும் இதயத்துக்கும் நல்லது. உயர நோய் வராமல் தடுக்காது. பல சமயம் எதிராகத்தான் வேலை செய்யும்: உடல் வலு உள்ளவர் வேகமாக ஏறிவிடுவார், தலைவலி வந்தாலும் தாங்கிக்கொண்டு மேலே போய்விடுவார்.

நடப்பது இதுதான். காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அழுத்தமே இருக்கும். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. உடல் உடனே செய்வது மூச்சை அதிகமாக்குவது. அப்படிச் செய்தால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி ரத்தம் காரத்தன்மை ஏறும், அதைப் பார்த்து மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். தூக்கத்தில் இந்த இழுபறி வெளியே தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரர் பத்துப் பதினைந்து நொடி மூச்சே விடாமல் கிடப்பார், பிறகு திடீரென்று வேகமாக இழுப்பார். முதல் தடவை பார்ப்பவர் பதறிப்போவார். அந்த உயரத்தில் அது சகஜம். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளி ரத்தத்தைச் சமன் செய்த பிறகுதான் மூச்சு தடையில்லாமல் கூடும், அதற்குச் சில நாள் பிடிக்கும். சிவப்பணு பெருகுவதற்கு வாரக் கணக்கு. சிறுநீரகத்துக்கு உங்கள் மாரத்தான் நேரம் தெரியாது.

இதே பாதையில் செய்த ஓர் ஆய்வும் உண்டு. 1975-இல் பீட்டர் ஹாக்கெட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் டிங்போச்சேவுக்குப் பக்கத்து ஊரான பெரிச்சே வழியாகப் போன 278 பேரைப் பரிசோதித்து, அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53 சதவீதம் பேருக்கு, உயர நோய் இருந்தது. லுக்லாவுக்கு விமானத்தில் வந்தவர்களில் 60 சதவீதம்; கீழிருந்தே நடந்து வந்தவர்களில் 42 சதவீதம். லுக்லா விமானம் உங்களுக்கு ஒரு வார நடையை மிச்சப்படுத்துகிறது. அந்த வாரம் சும்மா இருந்த வாரம் அல்ல.

கடலோரவாசி (சென்னை):

டாக்டர், டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் இந்த 13 நாளிலேயே முடியுமா? ஏஜென்ட் அதைத்தான் சொல்கிறார்.

மயக்கமருந்து:

டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைட், சிறுநீரகம் செய்யும் அந்த பைகார்பனேட் வேலையை வேகப்படுத்தும். தலைவலியை மூடி மறைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. உண்மையாகவே பழக உதவுகிறது. தடுப்பதற்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி, உதடு எல்லாம் ஊசி குத்துவது போல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா கலந்த பானம் சப்பென்று ஆகிவிடும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். ஊரிலேயே ஓரிரு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நல்ல திட்டத்தோடு சேர்த்துப் போட்டால் அது துணை. மோசமான திட்டத்தை நியாயப்படுத்தப் போட்டால் சூதாட்டம். உங்கள் ஏஜென்ட் சொல்வது இரண்டாவது வகை.

குந்தவை (மதுரை):

ஊட்டியில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனால் உதவுமா? லீவு வேண்டாம், அங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கலாம்.

மயக்கமருந்து:

ஊட்டி 2,240 மீட்டர். கொஞ்சம் பழகும், ஆனால் பிறகு சென்னைக்கு இறங்கி, காத்மாண்டுவில் 1,400 மீட்டரில் இரண்டு நாள் கிடந்தால் கிடைத்த கொஞ்சமும் கரையும். ஊட்டிக்கு மேட்டில் நடந்து கால் பழகப் போங்கள், அந்த அளவுக்குச் சரி.

பொகாராபையன் (காத்மாண்டு):

வேலை நிமித்தம் இங்கே இருக்கும் நாகர்கோவில்காரன் நான். சில நடைமுறை விஷயங்கள் சொல்கிறேன்.

அக்டோபர் சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலி ஓடுதளத்திலிருந்துதான். நடுராத்திரியில் எழுந்து நான்கு ஐந்து மணி நேரம் வண்டியில் போக வேண்டும். தூக்கமில்லாமல் லுக்லாவில் இறங்கி அன்றே நடப்பீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள். மேகம் இறங்கினால் விமானம் ரத்து, இரண்டு நாள்கூட உட்கார வைக்கும். உங்கள் பதின்மூன்றாவது உபரி நாளை விமானம் தின்றுவிடும். சிகரத்தில் வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள்கூட இல்லை.

அவசரம் இல்லாதவர்கள் ஜீப்பில் சல்லேரி வரை போய் அங்கிருந்து நடக்கிறார்கள். டாக்டர் சொன்ன அந்த 42 சதவீதத்துக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பல பாலிசிகள் 5,000 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும், கயிறு கட்டி ஏறுவது சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஐலண்ட் பீக் இரண்டிலும் மாட்டும். எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைக்கச் சொல்லி நெருக்குபவர்கள் உண்டு. தேவையில்லாத மீட்புகளில் இன்சூரன்ஸ் பணத்தைப் பங்கு போட்டது பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரித்தது.

போர்ட்டர்களையும் யோசியுங்கள். நம் ஆட்கள் எல்லாப் போர்ட்டரும் ஷெர்பா, உயரம் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். சுமை தூக்கும் பலர் தாழ்வான மலைக் கிராமங்களிலிருந்து வரும் ராய், தமாங் மக்கள். உங்களுக்கு வரும் நோய் அவர்களுக்கும் வரும், சொன்னால் கூலி போய்விடும் என்று சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு ஓய்வு நாள் என்றால் அவர்களுக்கும் அது ஓய்வு நாள்.

நெய்தல்:

பூண்டு சூப்பை யாரும் சொல்லவில்லையே! நாம்சே தாண்டினால் எல்லா லாட்ஜிலும் அதைத்தான் குடிக்கச் சொல்வார்கள்.

எனக்கு மறக்காதது டிங்போச்சே சாப்பாட்டுக் கூடம். நடுவில் சாணி வறட்டி போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றி ஈரக் காலுறைகள். யாரோ ஒருவர் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்ததும் அது மேசை முழுக்கச் சுற்றி வந்தது. 86, 83, 88 என்று ஒவ்வொருவரும் பரீட்சை மார்க் போல் அறிவித்தார்கள். 79 வந்த ஒருவர் அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை. காலையில் அவர்தான் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். 88 வந்தவர் இரவு முழுக்க வாந்தி.

மயக்கமருந்து:

பூண்டு சூப் சூடாக இருக்கும், உப்பும் தண்ணீரும் உள்ளே போகும். அந்த மட்டில் நல்லது. மருந்தில்லை.

ஆக்ஸிமீட்டர் கதை சரியான எச்சரிக்கை. விரல் சில்லிட்டிருந்தால் எண் குறைத்தே காட்டும். எண்ணை விட ஆளைப் பாருங்கள். தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைச்சுற்றல் எதுவும் சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை அது உயர நோய்தான். அந்த இரவு மேலே ஏறக் கூடாது.

இரண்டு நிலைமை உயிருக்கு ஆபத்து. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் நிற்காது, நேற்று வரை முன்னால் போனவர் இன்று கடைசியில் இழுத்துக்கொண்டு வருவார். இதற்கு முன்பு தலைவலி வந்தே தீர வேண்டும் என்பதில்லை. இன்னொன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்து குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறக்குங்கள். ஆக்ஸிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் மருந்துகள், ஆளை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் காற்றழுத்தப் பை எல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், இறங்குவதற்குப் பதில் ஆகாது. கூடவே ஒருவர் போக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது.

பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் சிகிச்சை நிலையம் நடத்துகிறது. சீசனில் பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள், டிங்போச்சே ஓய்வு நாளில் மேட்டைத் தாண்டி நடந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம். அந்த நாளுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

மலைநாடன் (கோவை):

இப்போது திட்டத்துக்கு வருவோம். நான் சொல்வது எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வழி. நாம்சே இரண்டு இரவு, தெங்போச்சே, டிங்போச்சே இரண்டு இரவு, லோபுச்சே (4,940), கோரக் ஷெப் (5,164), பேஸ் கேம்ப் பார்த்துவிட்டுக் காலா பத்தர் ஏறி லோபுச்சே இறங்கி, கொங்மா லா கணவாயை (5,535) தாண்டிச் சுக்குங். ஐலண்ட் பீக் அடிவாரத்துக்கு வரும்போது 5,000 மீட்டருக்கு மேல் தூங்கி, 5,500 மீட்டரை இரண்டு தடவை தொட்டிருப்பீர்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் இருந்த ஜான் ஹன்ட் குழு எவரெஸ்ட்டைத் தொடுவதற்கு முன் தெங்போச்சேவை மையமாக வைத்து மூன்று வாரம் சுற்றியிருந்த சிகரங்களில் ஏறி இறங்கிப் பழகியது. ஐலண்ட் பீக்கிலும் அந்தச் சமயத்தில்தான் ஏறினார்கள்.

நெய்தல்:

எதிர்க் கருத்து. கோரக் ஷெப்பில் தூங்குவது ஒரு தண்டனை. தண்ணீர் கிடையாது, பாதிப் பேர் இருமிக்கொண்டே கிடப்பார்கள், நெரிசலில் யாரிடமாவது தொற்று ஒட்டிக்கொள்ளும். கும்பு இருமல் என்று சொல்லும் அந்த விடாத வறட்டு இருமல் பிடித்துச் சுக்குங் வந்து சேர்ந்தவர்கள் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். சிகரம்தான் குறி என்றால் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் எதற்கு? சுக்குங்கில் மூன்று இரவு தங்கி, ஒரு நாள் சுக்குங் ரி (சுமார் 5,550) ஏறி இறங்குங்கள். உயரே தொட்டுவிட்டுத் தாழ்வாகத் தூங்கும் அதே வேலை நடந்துவிடும், நான்கைந்து நாள் மிச்சம்.

மலைநாடன் (கோவை):

மறுக்க மாட்டேன். லீவு இருந்தால் என் வழி, இல்லாவிட்டால் நெய்தல் வழி. எது போனாலும் கொங்மா லாவையோ சுக்குங் ரியையோ விடாதீர்கள், அன்று உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் சிகரத்துக்கு முன்னால் கிடைக்கும் ஒரே நேர்மையான தகவல்.

அப்புறம் கயிறு. எல்லாரும் உயரத்தையே பேசுகிறோம், ஐலண்ட் பீக்கில் ஆட்கள் திரும்புவது பெரும்பாலும் கடைசிப் பனிச் சுவரில். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணி இரண்டு மணிக்குக் கிளம்பி, பாறை ஏறி, பனியாற்றில் பூட்ஸுக்கு அடியில் க்ராம்பான் என்ற முள் சட்டம் மாட்டி, வெடிப்பு இருந்தால் அலுமினிய ஏணியில் தாண்டி அந்தச் சுவருக்குப் போகும்போது விடியும். ஜூமாரை, அதாவது கயிற்றில் மேலே மட்டும் நகரும் கைப்பிடியை, கயிற்றில் மாட்டுவது ஊரில் சின்ன வேலை. அங்கே தடித்த கையுறையோடு அந்தக் கொக்கியைத் திறக்க வராது. கையுறையைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். உங்களுக்கு மேலே ஆறு பேர், கீழே பத்துப் பேர், எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கொண்டு. அதனால் கையுறை போட்டுக்கொண்டே மாட்டவும் கழற்றவும், முடிச்சு வரும் இடத்தில் மாற்றி மாட்டவும் மொட்டை மாடியில் கயிறு கட்டிப் பழகுங்கள். அடுத்த வருடம் வரை பொறுக்க முடியும் என்றால் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கிலோ அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வாருங்கள், சுமார் ஒரு மாதம்.

ஓட்டக்காரன்:

சரி, ஒத்துக்கொள்ளாமல் ஒரு கேள்வி. 2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் லண்டனிலிருந்து கிளம்பி ஐந்து நாளுக்குள் எவரெஸ்ட் ஏறினார்களே, செனான் வாயு சுவாசித்து? அப்படி இருக்க ஐலண்ட் பீக்குக்கு மூன்று வாரமா?

மயக்கமருந்து:

அவர்கள் வாரக்கணக்கில் வீட்டில் குறைந்த ஆக்ஸிஜன் கூடாரத்தில் தூங்கிவிட்டுப் போனார்கள், மலையில் சிலிண்டர் ஆக்ஸிஜனும் வைத்திருந்தார்கள். பழகும் நாள்கள் மறைந்துவிடவில்லை, லண்டன் படுக்கையறைக்கு இடம் மாறின. செனான் மலையில் திறனைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு அந்த ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

கடலோரவாசி (சென்னை):

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். நெய்தல் சொன்ன வழிதான். மோஞ்சோ, நாம்சே இரண்டு இரவு, தெங்போச்சே, டிங்போச்சே இரண்டு இரவு, சுக்குங் மூன்று இரவு, நடுவில் சுக்குங் ரியும் பயிற்சியும், பேஸ் கேம்ப், சிகரம், திரும்பச் சுக்குங், ஒரு உபரி நாள், நாம்சே, லுக்லா, காத்மாண்டு. 15 நாள், விமானத்துக்கு ஒன்று சேர்த்து 16. மேலாளரிடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறேன். எங்களில் ஒருவருக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அவர் டிங்போச்சே வரை வந்து திரும்புவதாகச் சொல்கிறார்.

ஏஜென்ட் புதிய திட்டத்துக்குச் சம்மதித்துவிட்டார். சிகர உபரி நாளையும் விமான உபரி நாளையும் ஒன்றாக்கினால் விலை குறையும் என்கிறார்.

பொகாராபையன் (காத்மாண்டு):

ஒன்றாக்காதீர்கள். சிகர உபரி நாள் சுக்குங்கில் செலவாகும், விமான உபரி நாள் லுக்லாவில். இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். யாருக்காவது முடியாமல் போனால் இறங்கும்போது கூட வர இரண்டாவது வழிகாட்டி உண்டா என்றும் கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவர் இறங்கும்போது மற்ற மூவருக்கும் ஆள் இல்லை. டிங்போச்சேயில் திரும்பும் நண்பருக்கும் இதே கேள்விதான்.

மயக்கமருந்து:

உங்கள் நால்வரில் சல்ஃபா ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று இன்னும் சொல்லவில்லையே?

கடலோரவாசி (சென்னை):

கேட்டுவிட்டேன் டாக்டர். டிங்போச்சே வரை வருகிறேன் என்றவருக்குத்தான். அடுத்த வாரம் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்.